மருந்தின் அளவு

அந்த மாரிகாலம் முழுவதும் நாங்கள் மருந்தைத்தான் சந்தேகப்பட்டோம். வெடிமருந்தைச் சொல்கிறேன். என் கணவரிடம் பழைய காலத்து மாதிரியில் செய்த ரிவால்வர்த் துவக்கு ஒன்று இருந்தது. தோட்டா போட்டுச் சுடுகிற சாமான் அல்ல அது. சுழலுகிற உருளையில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் கறுப்பு மருந்தை அளந்து கொட்டி, அதன் மேல் ஈய உருண்டையை வைத்து நெம்புகோலால் இறுக்கி, பின்பக்கம் சின்னத் தொப்பி போன்ற கேப் ஒன்றை மாட்டிச் சுட வேண்டும். நூறு வருடங்களுக்கு மேல் பழைய அமெரிக்கத் துவக்கு ஒன்றின் நகல். இத்தாலியில் செய்தது.

எவ்வளவு மருந்து போடுவது என்பதுதான் அந்த விளையாட்டின் பாதி. கூடப் போட்டால் துவக்கு கையில் உதறும், சூடுகள் சிதறும். மிகவும் குறைத்தால் உருண்டை சோம்பலாகப் போய்க் கீழே விழும். ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்த அளவு ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை என்று இவர் சொல்வார். மருந்தை கிரெயின் என்ற சின்ன அளவில் நிறுப்பார்கள். இவருடைய துவக்குக்குப் பிடித்தது இருபத்தைந்து கிரெயின். ஐந்து வருடம் அது மாறவே இல்லை.

இவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்த பிறகு பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் தண்டவாளத்துக்கு முதுகு காட்டிய வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். நான் கவுன்சில் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். இவருடன் டிக்கெட் கொடுத்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைத் தன் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இவருடைய முகத்தில் கரி படிந்திருந்தது. கந்தகம் மணத்தது. லண்டனுக்கு வந்த பிறகு இவர் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு வந்ததை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இவருடைய அக்கா, என் மச்சாள், மோர்டனில் இருந்தார். இந்தச் செய்தி அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"தம்பி, துவக்குக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீ போய் துவக்குத் தூக்குறியோ?"

"அது கடதாசியைச் சுடுற துவக்கு அக்கா."

"எந்தத் துவக்குக்கும் கடதாசி எது, ஆள் எது எண்டு தெரியுமோ?"

இவர் பிறகு காரில் வரும்போது என்னிடம் சொன்னார்: "அங்கை ஆர் துவக்கு வைச்சிருந்தாலும் நாங்கள் தலையைக் குனிஞ்சு கொண்டுதான் நிண்டனாங்கள். இது என்ன சாமான் எண்டு ஒருக்காக் கையிலை எடுத்துப் பாக்க வேணும் போலை இருந்தது. அவ்வளவுதான்."

லைசென்ஸ் எடுக்க மாதக் கணக்கில் ஆனது. பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். மருந்துக்கு வேறு அனுமதி. அதை வைக்கத் தடித்த ஒட்டுப்பலகையில், உள்ளே தனித்தனிக் கட்டங்களோடு பெட்டி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. இவர் வாழ்க்கையில் ஆணி அடித்துப் பழகாதவர். அந்தப் பெட்டியை மட்டும் இரண்டு தரம் பிரித்து மூன்றாம் தரமும் செய்தார்.

கழகம் குரோய்டனுக்கு அப்பால் பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் இருந்தது. மூன்று பக்கமும் வெள்ளை மண் சுவர். தகரக் கூரை போட்ட கொட்டில் ஒன்று, கெட்டில் ஒன்று, உட்கார ஈரக் கதிரைகள் சில. கழகச் செயலாளர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். அதிகம் பேசாதவர். இவரும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரு காலைப்பொழுது முழுவதும் பக்கத்தில் நின்று, ஈயத்தின் மென்மையைப் பற்றி நாலு வசனம் மட்டும் பேசிவிட்டு மிகவும் சந்தோஷமாகப் பிரிவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். கொட்டிலில் இருந்து பின்னல் பின்னுவேன். சூட்டுச் சத்தம் முதல் இரண்டு மாதம் பின்னலில் கண்ணிகளைத் தவற வைத்தது. பிறகு பழகிவிட்டது. அது பழகியது எனக்கே நல்லதாகப் படவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் மருந்து அளப்பார். அதற்கு முன்பு நான் ஹீட்டரையும் காஸையும் நிறுத்த வேண்டும். கொதிகலனின் சின்னச் சுவாலையையும் அணைப்போம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பித்தளைக் கிண்ணியில் அளந்து, விரல் அளவுக் குழாய்களில் நிரப்பி மூடுவார். உருண்டைக்கு மேல் பூசுகிற களிம்புக்கு மற்றவர்கள் ஆட்டுக் கொழுப்புப் பாவித்தார்கள். "உதை வீட்டுக்குள்ளை எடுக்கேலாது" என்று சொல்லி, தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கித் தானே ஒன்று செய்தார். அறையில் மிஞ்சுகிற இடத்தை நிரப்ப ரவை. அது எல்லோரும் செய்வதுதான். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவில் ரவை போட்டால் உருண்டை அறையின் வாய்க்குக் கிட்ட வரும், சூடு நேராகப் போகும். அப்டன் பார்க்கில் தமிழ்க்கடை ஒன்றில் நான் உப்புமாவுக்கு வாங்குகிற ரவையையே எடுப்பார்.

இப்படி ஐந்து வருடம் போனது. இவர் பெரிய சூரர் இல்லை. ஆனால் இருபத்தைந்து கெஜத் தூரத்தில் இவருடைய குறி அட்டையில் ஓட்டைகள் ஒரு தேநீர்க் கோப்பையின் தட்டுக்குள் அடங்கிவிடும். செயலாளர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இவருக்கு அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு இலையுதிர்காலம். ஓட்டைகள் தட்டை விட்டு வெளியே போகத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. பிறகு அட்டையின் கீழ் மூலையில் ஒன்று விழுந்தது. இவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"புது டின் மருந்து. ஈரம் பிடிச்சிருக்கும்" என்றார்.

அடுத்த கிழமை வேறு டின் வாங்கினார். அதே மாதிரித்தான். மணி பெரிதான மருந்தை விட்டு மணி சிறிதானதை எடுத்தார். அது வேகமாக எரியும், அதனால் அளவைக் குறைக்க வேண்டும் என்று இருபத்திரண்டுக்கு இறங்கினார். ஒரு ஞாயிறு கொஞ்சம் நன்றாக இருந்தது. அன்றைக்கு வருகிற வழியில் எனக்கு மீனும் சிப்ஸும் வாங்கித் தந்தார். அடுத்த ஞாயிறு முந்தியதை விட மோசம்.

பிறகு இருபது. ரவையைக் கூட்டினார். களிம்பை மாற்றினார். உருண்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, இலேசானவற்றை ஒதுக்கினார். ஒரு சனிக்கிழமை மச்சாள் தொலைபேசியில் இருந்தபோது இவர் மேசையில் இருந்து என்னைக் கேட்டார்: "மருந்தை இன்னும் ரெண்டு குறைச்சுப் பாப்பமோ?"

மச்சாள் அந்தப் பக்கத்தில் பதறிப் போனார். "என்ன மருந்து பிள்ளை? தம்பிக்கு என்ன வருத்தம்? எனக்கேன் சொல்லேல்லை?"

"ஒண்டுமில்லை மச்சாள். துவக்கு மருந்து."

"அந்த நாசத்தையோ" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இவரும் சிரித்தார். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இல்லை.

பெருவிரலை நான் கவனித்தது மார்கழியில். அந்த ரிவால்வரில் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்பு பின்பக்கச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். ஒரு கையால் பிடித்து அதே கையின் பெருவிரலால் இழுப்பதுதான் முறை. இவர் இடது கையைக் கொண்டுவந்து இழுத்தார். கொட்டிலில் இருந்து பார்த்தபோது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ரொட்டி பிய்க்கும்போது பார்த்தேன். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை இருக்கிற இடம் பள்ளமாக இருந்தது. ஒரு கரண்டியால் தோண்டி எடுத்தது போல.

"என்னப்பா இது, கை வத்திப் போய்க் கிடக்கு?"

"குளிர். துவக்கு உதறி உதறி நரம்பு பிடிச்சிருக்கு. அதுதான் மருந்தைக் குறைக்கிறன்."

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. துவக்கு உதறுவதால் கை நோகிறது, கை நோவதால் சூடு சிதறுகிறது, மருந்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒன்றில் இருந்து ஒன்று ஒழுங்காக வந்தது. காலையில் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் நான் பூட்டிவிட்டபோதும் அதையே சொன்னார். டிக்கெட் கவுண்டரில் சில்லறை விழுந்துவிடுகிறது என்றபோதும் அதையே சொன்னார். பதினெட்டு கிரெயினுக்கு இறங்கினோம்.

தை மாதம், புகை எழும்பாமல் தரையோடு படுத்துக்கிடந்த ஒரு காலை. கழகத்தில் நாங்கள் நாலைந்து பேர்தான். இவர் ஆறு சூடு சுட்டார். அட்டையில் நாலு ஓட்டைதான் இருந்தது. அதுவும் ஒன்றுக்கொன்று உறவில்லாமல். மற்ற இரண்டும் மண்ணுக்குள் போயிருந்தன.

செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லக் கேட்டார்: "நான் ஒரு தடவை சுட்டுப் பார்க்கவா? அதே துவக்கு, அதே மருந்து. உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால்."

இவர் துவக்கைக் கொடுத்தார். அதே பதினெட்டு கிரெயின் குழாய்கள், அதே ரவை, அதே உருண்டைகள். செயலாளர் ஆறுதலாக, அவசரப்படாமல் நிரப்பினார். ஒற்றைக் கையை நீட்டி, ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் புகை விலகும்வரை பொறுத்துச் சுட்டார். அவருக்கு எழுபதுக்கு மேல். கண்ணாடி போட்டவர்.

அட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் அதை எங்களுக்குக் காட்டவில்லை. முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். இவர்தான் நிமிர்த்திப் பார்த்தார். ஆறு ஓட்டையும் ஒரு கை மூடுகிற அளவுக்குள் இருந்தன.

"நல்ல அளவு இது" என்றார் செயலாளர். பிறகு, "ஒரு டாக்டரிடம் காட்டுங்களேன்" என்றார். பிறகு கெட்டிலைப் போடுகிற சாட்டில் கொட்டிலுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியாமல் இரண்டு தரம் காரை நிறுத்தினார். இரண்டாம் தரம் நிறுத்தினபோது ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சொன்னார்: "மருந்திலை பிழையில்லை."

"ஓம்" என்றேன்.

எங்கள் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே ஊசிகளைச் சதைக்குள் குத்தி, திரையில் கோடுகள் ஓடுவதைப் பார்த்தார்கள். இவரை நாக்கை நீட்டச் சொன்னார்கள். நாக்கின் மேல் புழு நெளிவது போல் ஏதோ துடித்தது. அதைப் பார்த்த இளம் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார். பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூளையில் இருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன, கைக்குப் பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, மூச்சு என்று சொன்னார். புத்திக்கு ஒன்றும் நடக்காது, கடைசிவரை எல்லாம் விளங்கும் என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இதுக்கு மருந்து?" என்று நான் கேட்டேன்.

"இல்லை" என்றார்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். இவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஞாயிற்றுக்கிழமை போவம் என்ன."

போனோம். எதற்காகப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. நான் அந்த வசந்தத்தில் கார் ஓட்டப் பழகினேன். நாற்பது வயதுக்கு மேல், மச்சாளின் மகன் பக்கத்தில் இருக்க, தோர்ண்டன் ஹீத் தெருக்களில் அழுது அழுது பழகினேன். இவர் வேலையை விட்டார். அரசு உதவிப்பணம் கொடுக்கிற பெனிபிட் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாகக் கிழமைகள் போயின. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் முன்பு போலவே ஹீட்டரை நிறுத்திவிட்டு மேசைக்கு வருவோம். இப்போது அளப்பது நான். இவர் பக்கத்தில் இருந்து சொல்வார்.

"பதினைஞ்சு போடும்."

"பதினைஞ்சு காணுமே? உருண்டை போய்ச் சேருமோ?"

"காணாது. ஆனா அதுதான் இந்தக் கை தாங்கும்."

நெம்புகோலை இழுத்து உருண்டையை இறுக்க இவருக்குப் பலம் இல்லாததால், உருளையைக் கழற்றி நிறுத்தி வைத்து இறுக்குகிற சின்னத் தாங்கி ஒன்றைச் செயலாளர் செய்து தந்தார். அதில் நான் நிரப்புவேன். இவர் இரண்டு கையாலும் துவக்கைப் பிடித்துச் சுடுவார். பதினைந்து. பிறகு பதின்மூன்று. அதில் உருண்டை கீழே இறங்கியது. இவர் குறியை மேலே வைத்துச் சரிசெய்யப் பார்த்தார். சரிசெய்தது அட்டையில் தெரிவதற்குள் கை அதைவிடக் கீழே போய்விட்டிருந்தது. ஒரு அளவைக் கண்டுபிடித்து அதற்குப் பழகுவதற்குள் அந்த அளவைத் தாங்கிய கை இல்லாமல் போனது. ஆடியில் ஒரு நாள், சுத்தியலை இழுக்கும்போது துவக்கு வழுக்கி வாய்ப்பக்கம் பக்கவாட்டில் திரும்பியது. சுடவில்லை. அந்தப் பக்கம் யாரும் நிற்கவும் இல்லை. செயலாளர் உரத்துக் கத்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன். "நிறுத்து" என்ற ஒரே சொல்.

அந்தக் கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தார். தேநீரைக் குடிக்கவில்லை.

"எனக்கு இதைச் சொல்ல விருப்பமில்லை" என்று தொடங்கினார்.

"சொல்ல வேண்டாம்" என்றார் இவர். அப்போதே இவருடைய பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "எனக்குத் தெரியும். நீங்கள் செய்தது சரி."

அவர் போன பிறகு, லைசென்ஸையும் துவக்கையும் கொடுத்துவிடுவோமா என்று கேட்டேன்.

"இனி நீர்தான் சுடும்" என்றார்.

"நானோ?"

"பதினெட்டு சரியோ, இருபது சரியோ எண்டு எனக்கு இன்னும் தெரியாது. அந்தாள் ஒருக்காத்தான் சுட்டவர். ஒரு பரிசோதனையை வைச்சுச் சொல்லேலாது. எனக்கு அறிய வேணும்."

அறிந்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் இவர் வேறு எதையும் வேண்டும் என்று கேட்கவில்லை. சாப்பாடு, டிவி, ஆட்கள் வந்து போவது, எதுவும் வேண்டாம். நான் கழகத்தில் பயிற்சி உறுப்பினராகச் சேர்ந்தேன். பொலிஸில் விசாரித்து, செயலாளர் பக்கத்தில் நிற்க, பின்னல் பின்னிக்கொண்டு இருந்த நான் எழும்பிப் போய்க் கோட்டில் நின்றேன். இவர் தள்ளுகிற கதிரையில், கம்பளி போர்த்தபடி, எனக்குப் பின்னால்.

எனக்குச் சுட வரவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் முன்பு கண்ணை மூடினேன். துவக்கு தூக்கிப் போட்டது, புகை கண்ணுக்குள் போனது, நாக்கில் கந்தகம் கசந்தது. சத்தம் கேட்டுப் பழகியவள்தான். அந்தச் சத்தம் என்னுடைய கையில் இருந்து வருவது வேறு விஷயமாக இருந்தது. ஊரில் ஒரு பின்னேரம் பதுங்குகுழிக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கையும், இப்படி ஒரு தோளும் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பு வந்தது. அதை இவருக்குச் சொல்லவில்லை. பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று குழாய்களுக்கு நிறநிறமாக நூல் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். சுட்டு முடிந்ததும் அட்டையைக் கொண்டுவந்து இவருடைய மடியில் வைப்பேன். இவர் பார்ப்பார். எந்த அட்டைக்கும் மற்ற அட்டைக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாமே அம்மை போட்டது போல ஓட்டைகள். மருந்தைப் பற்றி அவற்றில் இருந்து யாராலும் ஒன்றும் அறிய முடியாது.

"இன்னும் கொஞ்சம் பழக வேணும் நான்" என்பேன்.

இவர் தலையை அசைப்பார். பழகுவதற்கு நாட்கள் வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் வைகாசியில் ஒரு நாள், இருபது கிரெயினில், மூன்று சூடு ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. மூன்று ஓட்டையும் சேர்ந்து ஒரு முழுநிலவு போல. எனக்கே நம்ப முடியவில்லை. செயலாளர் கை தட்டினார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து இவருக்கு முன்னால் பிடித்தேன். அப்போது இவருடைய பேச்சு மிகவும் போய்விட்டது. நானும் மச்சாளும் மட்டும்தான் கேட்டு விளங்கிக்கொள்வோம். இவர் அட்டையை நன்றாகப் பார்த்தார். மற்ற மூன்று ஓட்டைகள் எங்கே என்று கண்ணால் தேடினார். ஒன்று மேல் விளிம்பில், ஒன்று கீழே, ஒன்று அட்டையிலேயே இல்லை.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "தற்செயல்."

"ஓம், தற்செயல்தான்" என்றேன்.

இவர் பொய் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்துகிற ஆள் இல்லை. ஒரு கெட்டித்தனமில்லாத பிள்ளை தற்செயலாகச் சரியான விடையை எழுதிவிட்டால், செய்த வழியைக் காட்டு என்று கேட்கிற வாத்தியார் இவர். நான் அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

ஆனி, ஆடி முழுவதும் வீட்டில்தான். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன். காலையில் ஒரு நேர்ஸ், பின்னேரம் மச்சாள். மச்சாள் திருநீற்றைப் பூசி, தேவாரம் படிப்பார். இவர் கண்ணை மூடிக்கொள்வார். சாமியை நினைத்தோ, தொந்தரவு தாங்காமலோ தெரியாது. இரசாயனப் புத்தகம் ஒன்றை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பக்கம் புரட்டுவேன். கண்ணைச் சிமிட்டினால் அடுத்த பக்கம். ஆவணியில் சிமிட்டுவது குறைந்தது. ஒரு நாள் காலையில், நேர்ஸ் தலையணையை மாற்றிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. நான் அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டு நின்றேன். நேர்ஸ் என்னைக் கூப்பிடாமல் தானே வந்து அடுப்பை அணைத்தாள். அதில் விளங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த பிறகு பொலிஸுக்கு அறிவித்தேன். முன்பு பெட்டியை இழுத்துப் பார்த்தவர் இல்லை, வேறொருவர் வந்தார். துவக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மருந்தைத் தான் காரில் ஏற்ற முடியாது, கழகத்தில் யாராவது வந்து அழிக்கட்டும் என்றார். செயலாளர் வாளி ஒன்றோடு வந்தார். வீட்டுப் பின்வளவில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, பலகைப் பெட்டியில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக அதற்குள் கவிழ்த்தார். அளந்து வைத்த குழாய்களும் இருந்தன. அவற்றின் மூடிகளை நான் கழற்றிக் கொடுத்தேன். மருந்து தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுக் கரியாக அடியில் போனது.

"கடைசியில் எது என்று முடிவு செய்தார்?" என்று செயலாளர் கேட்டார். அளவைத்தான்.

"முடிவு செய்யவில்லை."

அவர் குச்சியால் வாளியைக் கலக்கிக்கொண்டு நின்றார். "அந்தத் துவக்குக்கு இருபது சரியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது."

கறுத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று கேட்டார். புல்லில் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். கையைக் கழுவிவிட்டு, பலகைப் பெட்டியை உடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

சில வருடங்களில் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒருவன் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற கொடுமைக்குப் பிறகு கைத்துவக்குகளை எல்லாம் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். எங்களுடையது போன்ற மருந்து போட்டுச் சுடுகிறவற்றுக்கு மட்டும் தடை வரவில்லை என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். இருந்தாலும் ஆட்கள் குறைந்து கழகம் மூடப்பட்டது. பிறகு அவருடைய தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

நான் தோர்ண்டன் ஹீத் வீட்டை விற்றுவிட்டு மோர்டனில் மச்சாளோடு இருக்கப் போனேன். அவருக்கு முழங்கால் வருத்தம், எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் இரண்டு பேரும் முன்ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து தேநீர் குடிப்போம். ஒரு நாள் அவர் கேட்டார்: "தம்பி உந்தத் துவக்கோடை என்னத்தைத்தான் தேடினவன் பிள்ளை?"

"தெரியாது மச்சாள்."

"உனக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். எனக்குத்தான் விளங்கேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைத் தடவினார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் இறக்காமல் போனது.